வராதவர்களை அழைத்த தீவு

வானொலியில் நாங்கள் அடிக்கும் கிண்டல்களுக்கு ஆயுள் குறைவு. அடுத்த பாட்டு முடிவதற்குள் நேயர்களும் மறந்துவிடுவார்கள், நாங்களும் மறந்துவிடுவோம். ஓர் அறிவிப்பாளரின் கிண்டல் மட்டும் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தது. அவர் பெயர் ராப் கலாப்ரீஸ். கனடாவின் கிழக்குக் கோடியில், நோவா ஸ்கோஷியா மாநிலத்தைச் சேர்ந்த கேப் பிரெட்டன் தீவில், சிட்னி என்ற சிறு நகரத்தின் 101.9 பண்பலையில் வேலை பார்த்தவர்.

2016 பிப்ரவரி. அமெரிக்காவில் டோனல்ட் டிரம்ப் அதிபர் தேர்தல் களத்தில் மளமளவென்று முன்னேறிக்கொண்டிருந்த நேரம். ‘இவர் ஜெயித்தால் கனடாவுக்குப் போய்விடுவோம்’ என்று அமெரிக்கர்கள் பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கலாப்ரீஸ் ஓர் இணையப் பக்கம் தொடங்கினார். டிரம்ப் வென்றால் எங்கள் தீவுக்கு வாருங்கள், இங்கே வேலி போட்டுத் தடுக்கும் சுவர் கிடையாது, மலிவான வீடுகளின் கூரையைத் தாங்கும் சுவர்கள்தான் உண்டு என்ற பாணியில் ஓர் அழைப்பு. சில நாட்களில் லட்சக்கணக்கானோர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சிகள் கேமராவோடு தீவுக்கு வந்து இறங்கின. வீடு என்ன விலை, வேலை கிடைக்குமா, குளிர் எவ்வளவு என்று கேள்விகள் குவிந்தன.

தொடர்புத் துறை படித்த காலத்திலிருந்தே இப்படிப்பட்ட கதைகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒன்று. அழைத்தவர் விளையாட்டாக அழைத்தார். ஆனால் அந்தத் தீவுக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது. சிட்னியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த நகராட்சியில் 2001இல் ஏறத்தாழ 1,06,000 பேர் இருந்தார்கள். 2016 கணக்கெடுப்பில் அது 94,000 சொச்சமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு பெரிய தாமான் காலியாவதுபோல.

2024 அக்டோபரில் டொராண்டோவில் ஒரு தோழியின் திருமணம். மகளை ஈப்போவில் அம்மாவிடம் விட்டுவிட்டு நானும் கணவரும் போயிருந்தோம். அவ்வளவு தூரம் போய்விட்டு அந்தத் தீவைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. ஹாலிஃபாக்ஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் 400 கிலோமீட்டர். வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாததால் முதல் ஒரு மணி நேரம் கணவர் வாயே திறக்கவில்லை. கேன்சோ நீரிணையின் மேல் 1955இல் போட்ட கற்பாதை ஒன்றுதான் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிறது. அதைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிவதுபோல் நின்றன. கேமரன் மலை குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத எனக்கு, காரை விட்டு இறங்கும்போதெல்லாம் காது வலித்தது.

நமக்கும் அவர்களுக்கும் அந்தப் பருவத்தில் 11 மணி நேர வித்தியாசம். அவர்கள் காலை 9 மணிச் செய்தி கேட்கும்போது இங்கே இரவு 8 மணி. காரில் உள்ளூர் வானொலியைத்தான் வைத்திருந்தோம். வானிலை, ஹாக்கி, சாலைப் பராமரிப்பு, நடுநடுவே பிடில் இசை. பிறகு தவறாமல் அமெரிக்கத் தேர்தல். டிரம்பும் கமலா ஹாரிசும் மோதும் தேர்தலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. கலாப்ரீஸின் கிண்டலுக்கு வயது எட்டாகியும் அதற்கான நிலைமை அப்படியே திரும்பி வந்திருந்தது.

சிட்னி துறைமுகத்தில் ஒரு பிடில் நிற்கிறது. அறுபது அடி உயரம். அதன் காலடியில் நின்று படம் எடுக்காத பயணியே இல்லை. இலை நிறம் மாறும் காலத்தில் அமெரிக்காவிலிருந்து உல்லாசக் கப்பல்கள் அடுத்தடுத்து வரும். நாங்கள் போன அன்றும் ஒன்று நின்றது. கப்பலே ஊரைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இறங்கியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஓர் ஆசிரியத் தம்பதி எங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்ட அந்த அம்மையார், மலேசியா என்றதும், ‘அங்கே போனால் எங்களுக்கு இடம் கொடுப்பார்களா?’ என்று சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை. தேர்தல் முடிவு தங்களுக்குப் பிடிக்காத மாதிரி வந்தால் இந்தத் தீவில் ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். இதே பேச்சை 2004இலும் பேசினோம், 2016இலும் பேசினோம் என்று அம்மையார் இடைமறித்தார். பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கே போவது என்றும் அவரே சொன்னார்.

அவர்கள் மனம் வைத்தாலும் காரியம் எளிதல்ல. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு, வாக்கு எண்ணிக்கை நடக்கும்போதே கனடாவின் குடிநுழைவு இணையத்தளம் கூட்டம் தாங்காமல் நின்றுபோனது என்பது உலகச் செய்தி. அதன் பிறகு நடந்தது செய்தியாகவில்லை. ஏனென்றால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அமெரிக்கர்கள் அலையாகத் திரண்டு வடக்கே வரவில்லை. கனடாவில் குடியேற வயது, கல்வி, மொழித் திறன், வேலை அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. வயது ஏற ஏறப் புள்ளி இறங்கும். ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருகிறேன் என்று சொல்பவருக்கென்று தனி விசா கிடையாது. பார்வையாளராக வந்தால் பொதுவாக ஆறு மாதம். கலாப்ரீஸ் ஆசை காட்டிய மலிவு வீட்டுக்கும் இப்போது பூட்டு. வெளிநாட்டவர் நகரப் பகுதிகளில் வீடு வாங்க 2023 ஜனவரி முதல் கனடா தடை போட்டிருக்கிறது. அரசியலுக்குப் பயந்து வருகிறேன் என்பதற்கு அந்தப் பட்டியலில் எங்கேயும் புள்ளி இல்லை.

ஆனால் உண்மையிலேயே அப்படிக் கிளம்பி வந்தவர்களால் உருவான ஊர்தான் இந்த சிட்னி என்பது பலருக்குத் தெரியாது. பெஞ்சில் இருந்த அமெரிக்கத் தம்பதிக்கும் தெரிந்திருக்கவில்லை.

துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில், சார்லட் தெருவில், மரத்தால் கட்டிய ஒரு பழைய வீடு இருக்கிறது. கோசிட் இல்லம். 1787இல் கட்டியது. நாங்கள் போன நேரம் கதவு சாத்தியிருந்ததால் வெளியே நின்றுதான் பார்த்தோம். இதைக் கட்டிய ரானா கோசிட் ஒரு பாதிரியார். அமெரிக்காவிலேயே பிறந்தவர், நியூ ஹாம்ப்ஷயரில் கிளேர்மண்ட் என்ற ஊரில் திருப்பணி செய்தவர். அமெரிக்கப் புரட்சி வந்தபோது இவர் பிரிட்டிஷ் மன்னர் பக்கம் நின்றார். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்று அவரைக் கட்டிப்போட்டார்கள். புரட்சி வென்றது, ஆட்சி மாறியது. அவரைப்போல மன்னர் பக்கம் நின்ற சுமார் 30,000 பேர் அந்தக் காலத்து நோவா ஸ்கோஷியாவுக்கு ஓடிவந்தார்கள். கேப் பிரெட்டனுக்கு வந்தவர்கள் சில நூறு பேர்தான். அவர்களுக்காகவே 1784இல் இந்தத் தீவைத் தனிக் காலனியாக்கினார்கள். 1785இல் சிட்னி நகரத்தை அமைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கும் இதற்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள்தான், பிரிட்டிஷ் அமைச்சர் சிட்னி பிரபு. ஆஸ்திரேலியச் சிட்னிக்கு டிக்கெட் எடுப்பதாக நினைத்து இங்கே வந்து இறங்கி விழித்தவர்களும் உண்டு.

கோசிட்டின் கதை இங்கே முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். அரசியல் பிடிக்காமல் நாட்டை விட்டு வந்தவர், புது ஊரிலும் அரசியலில் சிக்கினார். ஆளுநர் பதவியிலிருந்தவர்களோடும் சபையாரோடும் ஓயாத சண்டை. கடைசியில் 1805இல் அவரைத் தீவிலிருந்தே மாற்றி, மாநிலத்தின் மறுகோடியில் உள்ள யார்மத் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பெரிய குடும்பத்தோடு வந்து கட்டிய வீட்டை விட்டுவிட்டு, அறுபது வயதில் மறுபடியும் ஒரு புறப்பாடு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவர்கள் எல்லாரும் வருவதற்கு முன்பே இது மிக்மா மக்களின் மண். உனமாகி என்பது அவர்கள் இந்தத் தீவுக்கு வைத்த பெயர். சிட்னி துறைமுகக் கரையில் இருந்த அவர்களுடைய குடியிருப்பை, நகரத்தார் விரும்பவில்லை என்பதற்காக 1916இல் நீதிமன்ற உத்தரவு வாங்கி மேட்டுப்பக்கம் நகர்த்தினார்கள். இன்று மெம்பர்டூ என்ற அந்த இடத்தில் ஹோட்டலும் மாநாட்டு மண்டபமும் நிமிர்ந்து நிற்கின்றன. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

அன்றிரவு அறையில் நானும் கணவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நம் நாட்டில் ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் முன்பு என் நிகழ்ச்சிக்கு வரும் அழைப்புகள் நினைவுக்கு வந்தன. 2018லும் வந்தன, 2022லும் வந்தன. ‘இந்த முறை இவங்க வந்தா நான் ஆஸ்திரேலியா போயிடுவேன், சொல்லிட்டேன்’ என்று ஒருவர். அடுத்த அழைப்பில் இன்னொருவர், ‘அவங்க வந்தாத்தான் நான் போவேன்’ என்பார். தேர்தல் முடிந்து இரண்டு வாரத்தில் அதே குரல்கள் பாட்டு விரும்பி அழைக்கும். நான் கேலி செய்யவில்லை. சொல்லும் நேரத்தில் அந்தக் குரலில் நடுக்கம் இருந்ததைக் கேட்டவள் நான். பிள்ளையின் பல்கலைக்கழக இடம், வேலையில் பதவி உயர்வு, கோயில் நிலம் என்று ஏதோ ஒன்று அந்த நடுக்கத்துக்குப் பின்னால் எப்போதும் இருக்கும்.

உண்மையில் போனவர்கள் தேர்தலைப் பற்றிப் பேசவே இல்லை. என் அக்கா பெர்த்துக்குப் போனபோது அத்தானின் சம்பளத்தைப் பற்றித்தான் பேச்சு. நானும் ஒரு முறை, மகள் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்த புதிதில், ஆஸ்திரேலியாவுக்கான புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தேன். தமிழ் வானொலி அறிவிப்பாளருக்கு அங்கே என்ன வேலை இருக்கிறது? கணவரின் புள்ளிகளால் கணக்கு ஏதோ தேறியது. அம்மாவை ஈப்போவில் விட்டுவிட்டுப் போவதற்கு எத்தனை புள்ளி கழிப்பது என்று படிவத்தில் இடமில்லை. கணவர் அந்தக் கோப்பை இன்னும் அழிக்கவில்லை என்று சிட்னி அறையில்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கிளேஸ் பே. சிட்னியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நிலக்கரி ஊர். சுரங்கங்கள் கடலுக்கு அடியில் பல கிலோமீட்டர் நீண்டு போனவை. சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகத்தில் தலைக்கவசம் மாட்டிவிட்டு நம்மைக் கீழே கூட்டிக்கொண்டு போகிறார்கள். வழிகாட்டிகள் சுரங்கத்திலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள். சில இடங்களில் குனிந்தே நடக்க வேண்டும். ஒரு நிமிடம் விளக்கை அணைக்கச் சொன்னார் எங்கள் வழிகாட்டி. அந்த இருட்டு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஈயச் சுரங்கத்து ஊரில் பிறந்தவள் நான். கிந்தாவின் பழைய குளங்களைப் பார்த்து வளர்ந்தவள். பூமியைத் தோண்டிப் பிழைத்த ஊர், தோண்டுவது நின்ற பிறகு எப்படி இருக்கும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இங்கே அது 2001இல் நின்றது. அதே ஆண்டில் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடியது, சிட்னி எஃகு ஆலையும் மூடியது. நூறு ஆண்டு ஊரை ஊட்டிய இரண்டு அடுப்புகள் ஒரே ஆண்டில் அணைந்தன. இளைஞர்கள் மேற்கே அல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்குக் கிளம்பினார்கள். எங்கள் வழிகாட்டியின் இரண்டு மகன்களும் அங்கேதான். ஒருவர் அங்கேயே வீடு வாங்கிவிட்டாராம். அரசாங்கம் மாறியதால் போனார்களா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். ‘எந்த அரசாங்கம் வந்தாலும் பிள்ளைகள் போனார்கள் அம்மா’ என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த குழுவைக் கூப்பிடப் போய்விட்டார்.

கிளேஸ் பேயில் வானொலிக்காரர்கள் கும்பிட வேண்டிய இடமும் ஒன்று உண்டு. டேபிள் ஹெட் என்ற கடலோரப் பாறை மேட்டிலிருந்துதான் 1902 டிசம்பரில் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குக் கம்பியில்லாச் செய்தி அனுப்பினார். கோடையில் மட்டும் திறக்கும் இடம் என்பதால் எங்களுக்குக் காற்றும் புல்லும்தான் கிடைத்தன. காற்று காரின் கதவைத் திறக்கவிடவில்லை. இருந்தாலும் இறங்கி ஐந்து நிமிடம் நின்றேன்.

லூயிஸ்பர்க் கோட்டைக்கும் போனோம். பிரெஞ்சுக்காரர்கள் கட்டியதை 1758இல் பிரிட்டிஷார் பிடித்து, குடிமக்களைக் கப்பலேற்றிப் பிரான்சுக்கு அனுப்பி, பிறகு கோட்டையை இடித்தும்விட்டார்கள். 1961 முதல் அதில் ஒரு பகுதியைப் பழையபடி கட்டியெழுப்பினார்கள். வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதும் அதில் ஒரு நோக்கம். பார்க்க அருமையான இடம். ஒரு நாள் முழுக்க வேண்டும், எங்களுக்கு இரண்டு மணி நேரம்தான் இருந்தது.

இப்போது தீவில் ஆள் கூடியிருக்கிறதா என்று கேட்டால், கூடியிருக்கிறது. தெருவில் நடந்தாலே தெரிகிறது. ஆனால் வந்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல. சிட்னியில் நாங்கள் நுழைந்த டிம் ஹார்ட்டன்ஸ் காப்பிக் கடையில் கல்லாவில் ஒரு பஞ்சாபிப் பெண், அடுப்படியில் ஒரு மலையாளி, எங்களுக்குக் காப்பி நீட்டியவர் திருநெல்வேலிப் பக்கத்துத் தம்பி. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் கண் விரிந்தது. இடைவேளையில் வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார்.

கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர். அவர்களில் இந்தியர்களே அதிகம். சில ஆண்டுகளில் கிடுகிடுவென ஏறிய எண்ணிக்கை. இடம் போதாமல் சினிமா அரங்கில்கூட வகுப்பு நடந்ததாம். தம்பி இதைச் சொல்லிச் சிரித்தார். வாடகை வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன், அதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார்.

“அமெரிக்காக்காரங்க கப்பல்ல வந்து எறங்குவாங்கள்ளா அக்கா, அவங்க எங்கிட்டயே கேப்பாங்க, இங்க குடியேறுறது கஷ்டமான்னு. நான் என்னத்தச் சொல்ல? நானே வரிசைலதான் நிக்கேன்.”

“உங்களுக்கு எப்போ கிடைக்கும் தம்பி?”

“தெரியலக்கா. நான் வரும்போது ஒரு கணக்கு இருந்துச்சு. இப்ப வேற கணக்கு.”

அந்தக் கணக்கு மாறியது 2024 ஜனவரியில். வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கைக்கு கனடா அரசு உச்சவரம்பு விதித்தது. வீட்டுத் தட்டுப்பாட்டுக்கு மாணவர்கள்தான் காரணம் என்ற பேச்சு நாடு முழுக்க இருந்தது. ஆட்சி மாறவில்லை, அதே பிரதமர், அதே கட்சி. அடுத்த தேர்தலில் ஆட்சியும் மாறும் என்று அப்போது எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாறினால் நிலைமை இன்னும் இறுகுமா என்பது தம்பியின் கவலை. பென்சில்வேனியா தம்பதிக்கு அடுத்த ஆட்சி பிடிக்காவிட்டால் திரும்பிப் போய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இந்தத் தம்பிக்கு ஓட்டே இல்லாத நாட்டின் தேர்தல்தான் அவருடைய அப்பாவின் நிலத்தைத் தீர்மானிக்கப்போகிறது.

ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்டேன். “திரும்புனா கடன யாருக்கா கட்டுவா?” என்றார். பிறகு, பனி விழ ஆரம்பித்தால் கடல் தெரியாத அளவுக்கு வெள்ளையாகிவிடும் என்றும், முதல் ஆண்டு அதைக் கைப்பேசியில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியபோது ‘சட்டையைப் போடுல முதல்ல’ என்று அம்மா திட்டியதையும் சொன்னார். இடைவேளை முடிந்துவிட்டது. காப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். கணவர் வற்புறுத்தி வைத்துவிட்டு வந்தார்.

கோலாலம்பூர் திரும்பிய சில நாட்களில், அக்டோபர் 24ஆம் தேதி, கனடா அடுத்த ஆண்டுக்கான குடியேற்ற இலக்கை 5,00,000லிருந்து 3,95,000ஆகக் குறைத்ததாகச் செய்தி வந்தது. நவம்பர் 6, நம் நேரப்படி பிற்பகலில் டிரம்ப் வெல்வது தெளிவாகிவிட்டது. அன்று மாலை நிகழ்ச்சியில் அதைப் பற்றி ஒரு நேயர் கேட்டார், இனி அமெரிக்கர்கள் எல்லாம் கனடாவுக்குப் போவார்களா என்று. பாட்டுக்கு முன்னால் எனக்கு இருந்தது 40 வினாடி. சிட்னி என்று ஒரு ஊர் இருக்கிறது, ஆஸ்திரேலியாவில் அல்ல என்று ஆரம்பித்தேன். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

நள்ளிரவு தாண்டித் தம்பியிடமிருந்து ஒரு செய்தி. அவருக்கு அது பிற்பகல் வேலை நேரம். காலையிலிருந்து கடையில் அதே பேச்சாம். வாடிக்கையாளர் ஒருவர், அமெரிக்காவிலிருக்கும் தன் தங்கை கனடாவுக்கு வரப்போவதாகச் சொன்னாராம். கீழே ஒரு வரி: ‘எனக்கு வேலை அனுமதி இன்னும் வரலைக்கா. வந்தா சொல்றேன்.’